சமவெளியில் ஏறிய துறைத்தலைவர்

பூமியின் மேடு பள்ளங்களை உண்டாக்குபவை ஆறும் காற்றும் எரிமலையும் என்று பள்ளியில் சொல்லித்தருவார்கள். அது சிறுபிள்ளைகளுக்கு. அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புவியியல் சேர்பவர்களுக்குத்தான் உண்மை தெரியும்: அவற்றைத் தீர்மானிப்பவர் துறைத்தலைவர்.

நெய்வேலியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்ப் படித்த சோபியாவுக்கு இது இரண்டாம் ஆண்டில் தெரிந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று உண்டு. சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி வளர்ந்தது. மேலே சவுக்கு முளைத்திருந்தது. அதன் சரிவுகளை அளந்து ஆய்வேடு எழுதினாள். துறைத்தலைவர் துரைராஜ் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பட்டம், ஒரு பள்ளியில் வேலை தயாராக இருந்தது. போடாவிட்டால் இன்னொரு வருடம்.

துரைராஜ் நாற்காலியைத் திருப்பிச் சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தார். அவர் மாணவராக இருந்தபோதும் அது அங்கேதான் தொங்கியது.

"இதுல குன்று இல்லையேம்மா."

"அங்க இருக்குங்க சார்."

"அங்க இருந்தா இங்க இருக்கும். கடலூர் மாவட்டம் சமவெளி. பாடமே நடத்தியிருக்கேன்."

"தினமும் ஜன்னல்ல பாக்கறேன் சார்."

"ஜன்னல்ல பாக்கறது புவியியல் இல்ல. 'சமவெளி'ன்னு மாத்திட்டு வா, போட்டுத் தரேன்."

சோபியா மாற்றவில்லை. சரிவுகளைப் பற்றிய ஆய்வில் சரிவை எடுத்துவிட்டால் அட்டைதான் மிஞ்சும்.

அந்தச் சமயம் பார்த்துத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாகச் சுற்றறிக்கை வந்தது. 'களப்பணி'க்குச் சான்றாக, இடமும் உயரமும் பதிவான போட்டோ வேண்டுமாம். துறையின் களப்பணிகள் அதுவரை வளாகத்து ஜெராக்ஸ் கடையில் நடந்துவந்தன. பாலைவனம், பனிப்பாறை இரண்டையும் அங்கேயே முடித்திருந்தார்கள். போட்டோவில் ஜெராக்ஸ் கடை விழுந்தால் நன்றாக இருக்காது. களம் என்று ஒன்று வைத்திருந்தவள் துறையிலேயே சோபியா மட்டும்தான். துரைராஜ் நெய்வேலிக்குப் புறப்பட்டார்.

சோபியாவின் அப்பா இன்னாசிமுத்து அந்தக் குன்றில் மரக்கன்று நடும் காண்ட்ராக்ட் தொழிலாளி. சுரங்கத்தின் கேட்டில் அனுமதி வாங்கி வைத்திருந்தார்.

"பாத்து ஏறுங்க சார். சரளை வழுக்கும்."

"ஏறலைங்க. நடக்கறேன்."

பாதி வழியில் துரைராஜ் ஒரு சவுக்கு மரத்தைக் கட்டிக்கொண்டார்.

"மூச்சு வாங்குதுங்களா?"

"வயசுங்க. சமவெளியிலயும் வாங்கும்."

உச்சியை அடைந்தார்கள். டவுன்ஷிப்பின் தண்ணீர்த் தொட்டி அவர் காலுக்குக் கீழே தெரிந்தது. துரைராஜ் அதை நிதானமாகப் பார்த்தார்.

"டேங்க்க ஏன் இவ்ளோ தாழ்வா கட்டியிருக்காங்க?"

சோபியா போட்டோ எடுத்தாள். ஓரத்தில் உயரம் நூற்று நாற்பது மீட்டர் என்று விழுந்தது.

"போன் ரிப்பேரா?"

"புது போனுங்க சார்."

"அந்த மூலைய வெட்டிடு. கெளம்பலாம்."

திரும்பியவர் வந்த வழியைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"எப்படிம்மா எறங்கறது?"

"எங்க சார்?"

"கீழதான்."

"கீழன்னு ஒண்ணும் இல்லீங்களே சார். சமவெளி."

இன்னாசிமுத்து மகளை அதட்டினார். "சாரு பயந்துகினு நிக்கறாரு. உனக்கு வெளையாட்டா?"

"பயமெல்லாம் இல்லைங்க," என்றார் துரைராஜ். "உயரம்னா எனக்கு ஆகாது. அவ்ளோதான்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. காற்று பலமாக அடித்தது. அத்தனை உயரத்தில் அப்படித்தான் அடிக்கும்.

சோபியா பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்து, பேனாவை மூடி கழற்றி நீட்டினாள். துரைராஜ் சரளையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். குன்று அந்த நிமிடமே முறைப்படி உயர்ந்தது.

பிறகு எழுந்திருக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒரு கையைத் தகப்பனும் மறு கையை மகளும் பிடித்துக்கொள்ள, உட்கார்ந்தபடியே அடிவாரம் வரை வந்துசேர்ந்தார். பேண்டின் பின்புறம் செம்மண்ணானது.

இதை ஆண்டறிக்கையில் துறை பெருமிதத்துடன் பதிவுசெய்தது: புவியியல் ஆசிரியர் ஒருவர் நிலத்துடன் 'நேரடித் தொடர்பு' கொண்டது துறையின் வரலாற்றில் இதுவே முதல் முறை.

துறைக்கு இது பொன்விழா ஆண்டு.