தாய் வரும்வரை காத்திருந்தவர்கள்

உலகில் மான் இனம் இன்னும் மிச்சமிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் புல்லும் அல்ல, தண்ணீரும் அல்ல, கேமராதான். இந்த மகத்தான உண்மை, சரணாலயத்தில் பன்னிரண்டு வருஷமாகக் காவல் பார்க்கும் காவலரின் மண்டையில் மட்டும் கடைசிவரை ஏறவில்லை.

பிறந்து மூன்றே நாளான குட்டி ஒன்று புல்லுக்குள் படுத்திருந்தது. தாய் மேயப் போயிருந்தது. அதற்குள் 'இயற்கை நேசர் படச் சங்கத்தார்' பதினெட்டுப் பேர் வந்து, குட்டியைச் சுற்றி கேமரா முக்காலிகளை நட்டுவிட்டார்கள். இடம் பறிபோகாமலிருக்கக் கூடாரம் வேறு. மானுக்குத் தெரியக் கூடாதென்று எல்லோருக்கும் இலை நிறச் சட்டை. இருமலுக்குத்தான் நிறம் கிடைக்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க. ஆள் இருந்தா தாய் கிட்ட வராது. குட்டி காலையிலேர்ந்து பால் குடிக்கல," என்றார் காவலர்.

"அதுக்குத்தானே நாங்களும் காத்திருக்கோம்!" என்று நெகிழ்ந்தார் சங்கத் தலைவர். "பால் குடிக்கிற படம். தலைப்புகூட ரெடி. 'தாய்மை'."

"நீங்க போனாத்தான் சார் அது குடிக்கும்."

"நாங்க போயிட்டா, அது குடிச்சதுக்கு என்ன ஆதாரம்?"

காவலர் சரணாலய அதிகாரியிடம் ஓடினார். அதிகாரி கோப்பைப் புரட்டினார். "மூணு நாள் அனுமதி. கையெழுத்து என்னுதுதான். மான்கிட்டேர்ந்து புகார் ஏதாவது வந்திருக்கா?" என்று நியாயமாகக் கேட்டார். "விருந்தாளிங்களை விரட்டினீங்கன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

மறுநாள் முழுக்கத் தாய் தூரத்துப் புதரோரம் வந்து வந்து நின்றது, திரும்பிப் போனது. "என்ன பொறுப்பில்லாத தாய்!" என்று சங்கத்தார் கொதித்தார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு லென்ஸையும்.

மூன்றாம் நாள் குட்டி தலையைச் சாய்த்தது. அப்புறம் அசையவே இல்லை.

"இப்பத்தான் ஒத்துழைக்குது," என்று கிசுகிசுத்த தலைவர், ஆசை தீர எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த மாதம் அந்தப் படத்துக்கு முதல் பரிசு. தலைப்பு 'நிம்மதி'. அதை ஆளுயரத்துக்குச் சரணாலய வாசலில் மாட்டி, 'இங்கே மான்குட்டிகள் அச்சமின்றி உறங்குகின்றன' என்று கீழே எழுதினார்கள். தலைவர் பெருந்தன்மையோடு காவலரின் தோளைத் தட்டினார்.

"படம் எப்படி வந்திருக்கு?"

"அச்சு அசல் சார். நீங்க போனப்புறம் நான் குழி தோண்டி வச்சப்பவும் இப்படியேதான் படுத்திருந்துச்சு."

தலைவரின் முகம் வாடிப்போனது. வேஷமில்லை, நிஜமான வேதனை.

"அடப்பாவி மனுஷா! மண்ணைப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"