ஸ்டாம்ப் பேடு மீசை

மீசையை எடுத்தால் ஆம்பிளைக்கு முகம் மாறும் என்று எல்லோருக்கும் தெரியும். பெற்ற பிள்ளைக்கு அப்பனே மாறிவிடுவான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்தூரில் ஊர் கூடி வேடிக்கை பார்க்க, சட்டைக் காலர் ஒரு போலீஸ்காரர் கையில் இருக்க, நானாகவே தெரிந்துகொண்டேன்.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் எனக்கு ஷிப்ட் வேலை. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் பிச்சாட்டூரிலிருந்து வேன் வேனாக ஆட்கள் அங்கே போன காலம் அது. இடுப்பில் செல்போன், சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை, உதட்டுக்கு மேலே மீசை. அந்த மீசையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: தனியாகச் சீப்பு வைத்து வாரிவிடுகிற ரகம். (அதைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் எனக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எல்லோருக்குமே மரியாதை கொடுப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது.)

என் மகன் தினாவுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது ஏதோ காய்ச்சல் என்று நினைத்து, எத்தனை நாளில் இறங்கும் என்று டாக்டரையே கேட்ட அறிவாளி நான். தினாவுக்கு எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டு மாறினால் அன்றைக்குப் பட்டினி. பேச்சு மட்டும் வரவேயில்லை. திருப்பதியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு டீச்சரிடம் என் மனைவி தேவகி அவனை வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் கூட்டிப் போனாள். ஒரு நாள் நான் வீட்டுக்குள் நுழையும்போது நேராக என் மீசையைப் பார்த்து "நைனா" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை ஓவர்டைம் வேண்டுமானாலும் பார்த்திருப்பேன்.

ஆனால் கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். ஃபீஸும் பஸ் சார்ஜும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தன. வகுப்பை நிறுத்திவிடலாமா என்று தேவகி கேட்டபோது அந்த டீச்சர்தான் வழி சொன்னார். சித்தூரில் முகாம் போடுகிறார்கள், டாக்டர் பார்த்து சர்டிபிகேட் கொடுத்தால் மாசாமாசம் பென்ஷன் வரும், பிள்ளைக்கும் துணைக்கு வருகிறவருக்கும் பஸ் பாஸ் கிடைக்கும், வகுப்பு நிற்காது. இந்த முகாமை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. சர்டிபிகேட் கிடைக்க மொட்டை போடுவதாகத் திருப்பதிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டேன்.

"மொதல்ல சர்டிபிகேட் கைக்கு வரட்டும். அப்பறம் மலைக்குப் போயி நீ மொட்ட போட்டுக்கோ" என்றாள் தேவகி.

எனக்கு அது சரியாகப் படவில்லை. கம்பெனிக்காரன் ஆர்டர் பிடிக்கவே அட்வான்ஸ் தருகிறான். பெருமாளிடம் போய் வேலை முடிந்த பிறகு தருகிறேன் என்றால் நன்றாகவா இருக்கும்? அவளிடம் சொல்லாமல் முகாமுக்கு முந்தைய நாளே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நேராகத் திருப்பதி பஸ் ஏறினேன். அடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறினேன். முடி இறக்கும் இடத்தில் உட்கார்ந்ததும் தலை பளிச்சென்று ஆகிவிட்டது. மீசையும் எடுக்கட்டுமா என்று அந்த ஆள் தெலுங்கில் கேட்டார். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், இதில் என்ன கஞ்சத்தனம் என்று முகத்தை நிமிர்த்திக் காட்டினேன். இரண்டே இழுப்பு. அங்கே கண்ணாடி கிடையாது. இருந்திருந்தால் மறுநாள் சித்தூர்ப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டேன்.

முகாம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். பந்தலுக்குள் கூட்டம். தேவகியும் தினாவும் புத்தூர் வழியாக வந்து இறங்கினார்கள். தேவகி என்னைத் தேடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போனாள்.

"தேவகி!"

குரலைக் கேட்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். "இன்னாய்யா இது கோலம்! எவன் வூட்டுக் கருமாதிக்குப் போய்க்கினு வந்த?"

"பெருமாளுக்கு அட்வான்ஸா…"

"பெருமாளு உன் மீசயக் கேட்டாரா?"

சண்டையை முடிக்க நேரமில்லை. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று டோக்கன் கொடுக்கிறவர் சொல்லிவிட்டார். "புள்ளயப் பாத்துக்கோ, இதோ வந்துட்றேன்" என்று தேவகி வெளியே ஓடினாள்.

தினா அதுவரை பந்தலில் சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் கை போனதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மூக்குக்குக் கீழே பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை.

"நைனா எங்க?"

"நான்தான்டா கண்ணு, நைனா."

"இவன் நைனா இல்ல."

'இல்ல' என்று சொல்ல டீச்சர் போன வாரம்தான் கற்றுக்கொடுத்திருந்தார். (நன்றாகவே கற்றுக்கொடுத்திருந்தார்.) என் மகன் மூன்று வார்த்தையைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா, ஓடுவதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் அவன் கேட்டைப் பார்த்து ஓட, நான் எட்டி மணிக்கட்டைப் பிடித்தேன். அவ்வளவுதான். பந்தல் கிழிகிற மாதிரி கத்தினான். "இவன் நைனா இல்ல! இவன் நைனா இல்ல!"

அந்த நேரம் பார்த்து ஊரெல்லாம் பிள்ளை பிடிக்கிறவன் வதந்தி. பக்கத்தில் மகளை மடியில் வைத்திருந்த, நகரியிலிருந்து வந்த அம்மா ஒருத்தி எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாய்யா, புள்ள அந்தக் கத்து கத்துது, நீ பாட்டுக்குக் கையப் புடிச்சி இழுத்துக்கினு கீற?"

"என் புள்ளம்மா!"

"கண்ணு, உங்க நைனா எப்பிடி இருப்பாரு?"

"மீச. நைனா மீச."

கூட்டம் மொத்தமும் என் மேலுதட்டைப் பார்த்தது. எனக்குக் கையால் மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் வந்து காலரைப் பிடித்தார். சாமர்த்தியமாக என் கம்பெனி அட்டையை எடுத்து நீட்டினேன். அட்டையில் தலை நிறைய முடியும் முகம் நிறைய மீசையுமாக ஒரு கனவான் சிரித்துக்கொண்டிருந்தார்.

கான்ஸ்டபிள் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஈ போட்டோலோ உன்னாயன எக்கட?" என்று தெலுங்கில் கேட்டார். போட்டோவில் இருக்கிற ஆளை என்ன செய்தாய் என்கிற தொனி அது.

"நான்தான் சார். நேத்து மலையில மொட்டை போட்டேன்."

"திருடனுங்கல்லாம் மொட்ட போட்டுக்கினுதான்யா கீழ எறங்கறானுங்க" என்றாள் நகரி அம்மா.

அப்போது மைக்கில் கூப்பிட்டார்கள். "தினகரன், பிச்சாட்டூர்!" தினாவின் முழுப் பெயர் அது. மூன்று தடவை கூப்பிடுவார்கள், வராவிட்டால் டோக்கன் போச்சு. காலர் அவர் கையில், மகன் நகரி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு. இரண்டாவது தடவையும் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மீசைக்காக என் பிள்ளையின் பேச்சையே தொலைத்துவிட்டேன் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. (மொட்டைத் தலையோடு அழுகிற ஆளைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வரவில்லை.)

ஜெராக்ஸ் கடையில் கரண்ட் போய்விட்டதாம், வரும்வரை காத்திருந்து எடுத்தாளாம். தேவகி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். கான்ஸ்டபிள் என்னைக் காட்டி, "இவர் யாரும்மா?" என்று கேட்டார்.

தேவகி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். யோசித்தாள் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

"எங்க வூட்டுக்காரர்தான் சார். நேத்து வரிக்கும் மீச இருந்திச்சி."

காலர் விடுதலையானது. ஆனால் தினா என் பக்கம் வர மாட்டேன் என்று தரையில் புரண்டான். அம்மா கையையும் தட்டிவிட்டான். மைக்கில் மூன்றாவது தடவை பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். தேவகி சுற்றிலும் பார்த்தாள். கைநாட்டு வைக்கிற மேஜையிலிருந்த ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலை நன்றாக அழுத்தினாள். என் தாடையைப் பிடித்தாள்.

"ஆடாத. ஆடினா கோணலாப் பூடும்."

இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. (ஆடாமலே கோணலாகத்தான் போனது.) தினாவின் அழுகை நின்றது. எழுந்து கிட்டே வந்தான். ஊதா மீசையை ஒரு விரலால் தொட்டான். விரலைப் பார்த்தான், மறுபடி மீசையைப் பார்த்தான்.

"நைனா" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பந்தலே சிரித்தது. கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். நகரி அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போய்யா, ஓடு, உன்னத்தான் கூப்புடறாங்க" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

டாக்டரம்மா மேஜையிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "நான் கேக்க வேண்டியதுல பாதிய உங்க பையனே காட்டிட்டான்" என்றவர், மிச்சத்தையும் பொறுமையாக அவனிடமும் தேவகியிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் பிள்ளையையும் அப்பாவையும் சேர்த்து வைத்துப் போட்டோ. கேமராக்காரப் பையன், "முகத்தைத் துடைச்சிக்குங்க சார்" என்றான். நான் துண்டை எடுத்தேன். தினாவின் உதடு பிதுங்கியது.

"தொடச்சே, கொன்னுடுவேன்" என்றாள் தேவகி. அப்படியே எடுத்துவிட்டார்கள்.

பென்ஷன் வந்தது. பாஸ் வந்தது. வகுப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அந்த மை என் மூஞ்சியை விட்டுப் போகத்தான் நாளானது. அதுவரை கம்பெனியில் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு, பல் வலி என்று சொல்லித் திரிந்தேன். போட்டோ மட்டும் போகவேயில்லை. எத்தனை தடவை பாஸைப் புதுப்பித்தாலும் கம்ப்யூட்டரிலிருந்து அதே கோண மீசைக்காரன்தான் வருகிறான். எங்கள் சொந்தத்தில் யார் திருமலைக்குக் கிளம்பினாலும், "ஸ்டாம்ப் பேடு எடுத்துக்கினியா?" என்று கேட்காமல் வழியனுப்புவதில்லை.

தினாவுக்கு இப்போது என்னைவிட உயரம். அதே டீச்சரிடம் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் எடுத்துக் கொடுக்கிறான். புது ஆட்களிடம் மட்டும் வாய் திறக்க மாட்டான். போன மாதம் மூன்று பேரும் திருப்பதி பஸ்ஸில் போனோம். கண்டக்டர் புதியவர். பாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். படத்திலிருந்த மீசையைக் காட்டி, "இது யாரு?" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எங்க நைனா" என்றான் தினா. பிறகு என்னைக் காட்டி, "இவர்தான். அது இங்க்கு."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே பாஸைத் திருப்பிக் கொடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். பின் சீட்டிலிருந்து தேவகி என் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"அழுவாதய்யா, மீச கரைஞ்சிடப் போவுது."