ராஸ்முஸை நான் விற்கவில்லை

உதைபந்தாட்ட ரசிகனுக்கு ஒன்றும் தெரியாது என்ற உண்மை, அந்த ரசிகனைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். நானும் நீண்ட காலம் தெரியாமல் இருந்தவன்தான்.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், சில்க்போர்க்கிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறது. வெல்வதைவிடத் தோற்பதில்தான் அதற்கு அனுபவம் அதிகம். அதன் பயிற்சியாளருக்கு என்னென்ன தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். (யன்னல் செய்யும் தொழிற்சாலையில் கணக்குப் பார்ப்பவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும், அவ்வளவுதான்.)

வினை ரொறன்ரோவிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் என் மச்சானுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியம். அந்த விளையாட்டில் ஒவ்வொரு வருடமும் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவு செய்யுமாம். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ரசிகர்கள் அதற்கு முதலே, தங்கள் அணி யாரை எடுக்க வேண்டும், யாரைக் கொடுத்து யாரை மாற்ற வேண்டும் என்று கற்பனையாக ஒரு திட்டம் எழுதி இணையத்தில் போடுவார்களாம். அதுதான் மொக் டிராஃப்ட்.

"சும்மா ஒரு பம்பல் மச்சான். ஒருத்தரும் நம்பமாட்டினம்," என்றான்.

ஒருத்தரும் நம்பமாட்டினம்! அதை நான் நம்பினேன்.

டென்மார்க்கில் டிராஃப்ட் கிடையாது. ஆளுக்கு ஆள் மாற்றுவதும் அநேகமாகக் கிடையாது. காசு கொடுத்து வாங்குவார்கள், விற்பார்கள். இந்தச் சின்ன விசயங்கள் என்னைத் தடுக்கவில்லை. ஆட்டங்கள் இல்லாத பனிக்கால விடுமுறையில் எங்கள் கழகத்துக்கு ஒரு மொக் டிராஃப்ட் எழுதி, ரசிகர் பக்கத்தில் என் சொந்தப் பெயரிலேயே போட்டேன். கோல்காப்பாளரை அனுப்பிவிட வேண்டும். இடதுபக்கம் காக்கும் லெஃப்ட் பேக் ராஸ்முஸை வடக்கே ஓல்போர்க் பக்கமுள்ள ஒரு கழகத்துக்குக் கொடுத்து, அவர்களிடம் இரண்டு இளம் பொடியன்களை வாங்க வேண்டும். மேலே கொட்டை எழுத்தில் 'கற்பனை' என்றும் எழுதினேன்.

இங்கே ஒரு தகவலைச் சொல்ல வேண்டும். ராஸ்முஸ் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன்.

தெரிந்துகொண்டா எழுதினாய் என்று கேட்பீர்கள். தெரிந்துகொண்டுதான். முதல்நாள் பின்னேரம் அவன் வீட்டில் கேக் சாப்பிட்டுவிட்டு வந்து, அடுத்த நாள் அவனை ஓல்போர்க்குக்கு அனுப்பினேன். ரசிகன் என்றால் நடுநிலைமை வேண்டும் என்று அப்போது பெரிய கொள்கை ஒன்று வைத்திருந்தேன்.

அந்தக் கேக்கைச் செய்தது அவன் மனைவி சோஃபி. டென்மார்க்குக்கு வந்து இத்தனை காலத்தில், முதலே திகதி கேட்டுக் குறிக்காமல் எங்கள் குசினிக்குள் வந்த ஒரே டேனிஷ்காரி அவள்தான். என் மனைவி வசந்திக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவளும் அவளே. (நான் பழக்கப் போய் இரண்டு பேரும் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தோம்.) சனிக்கிழமைகளில் இரண்டு பெண்களும் ஏரிக்கரையால் சைக்கிளில் போய்வருவார்கள். வசந்தி முதியோர் இல்ல வேலைக்களைப்பை எல்லாம் அங்கேதான் கொட்டிவிட்டு வருவாள்.

என் திட்டத்தை வாசித்த ஒருவன், "ராஸ்முஸுக்கு என்ன குறை?" என்று கீழே கேட்டான்.

"நல்ல மனிதர். ஆனால் ஒரு பஸ் திரும்புகிற நேரம் எடுத்துத்தான் திரும்புகிறார். நேற்றும் பனிக்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்," என்று எழுதினேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பக்கத்து வீடு."

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. இரண்டாம் நாள் ஒரு விளையாட்டு இணையத்தளத்தில், 'முழங்காலில் காயம், ராஸ்முஸ் வடக்கே போகிறார், நெருங்கிய வட்டாரம் தகவல்' என்று செய்தி வந்தது. அந்த நெருங்கிய வட்டாரம் நான்தான். எனக்கும் அவனுக்கும் இடையில் ஒரு வேலி மட்டுமே இருந்தபடியால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

பதினாலு வயதான மகள் கவினா கைபேசியை என் முன்னால் நீட்டினாள். "பின்லிட்," என்றாள். படு வெட்கக்கேடு என்பதற்கு டேனிஷ் அது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் விழுந்தால் நான் நிமிர்ந்து பார்ப்பது வழக்கம்.

அன்று பின்னேரமே ராஸ்முஸ் கதவைத் தட்டினான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். டேனிஷ்காரரின் அந்தப் பொல்லாத பொறுமையோடு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"என் முழங்காலில் என்ன என்று பயிற்சியாளர் கேட்கிறார். ஒன்றுமில்லை என்றால் நம்புகிறார் இல்லை. மருத்துவர் பார்க்கும்வரை பயிற்சிக்கு வரவேண்டாமாம்."

"நீ பனிக்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு..."

"கதவு திறக்கிற திறப்பு பனிக்குள் விழுந்துவிட்டது. தேடினேன்."

வசந்தி தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்த வேகத்தில் பாதித் தேத்தண்ணி மேசையில் நின்றது. அவன் போனதும் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, ஊரில உங்களுக்கு வேற ஆள் கிடைக்கேல்லையே?"

"அது கற்பனை எண்டு போட்டிருக்கிறன், வசந்தி."

"முழங்கால் கற்பனையே? நாளைக்கே போய் அந்தப் பயிற்சியாளரிட்ட நேரில சொல்லிப்போட்டு வாங்கோ. நான் ரோல்ஸ் பொரிச்சுத் தாறன். வெறுங்கையோட போகாதேங்கோ."

ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸோடு கழகத்துக்குப் போனேன். பயிற்சியாளர் கதவளவு உயரமான மனிதர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா அந்த நெருங்கிய வட்டாரம்?"

திறப்பு விழுந்ததையும், நான் வேலிக்கு மேலால் பார்த்ததையும், ரொறன்ரோ மச்சானையும் எனக்குத் தெரிந்த டேனிஷில் சொல்லி முடித்தேன். அவர் சிரித்துவிட்டார். ராஸ்முஸ் நாளையே பயிற்சிக்கு வரலாம் என்றார். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்து, இன்னொன்றையும் எடுத்தார். வந்த காரியம் முடிந்தது. புத்தியுள்ளவன் அந்த இடத்தில் எழும்பியிருப்பான்.

"அதுசரி, கோல்காப்பாளரை ஏன் அனுப்பச் சொன்னீர்கள்?" என்று அவர் கேட்டார்.

ஒரு தொழில்முறைப் பயிற்சியாளர் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார்! எனக்குத் தலை கால் புரியவில்லை. மேசையில் ரோல்ஸை அடுக்கிப் பின்வரிசையை அமைத்தேன். கோலுக்குள் ஒன்றை வைத்தேன். "இவர் பந்தைப் பார்ப்பதில்லை. தன் தலைமயிரைத்தான் பார்க்கிறார். கோர்னர் அடித்தால் வீட்டுக்குள் ஒளிகிற பூனை மாதிரி..." என்று கையைக் காலை ஆட்டி விளக்கிக்கொண்டே போனேன். பயிற்சியாளர் என் தோளுக்கு மேலால் பார்ப்பதைக் கவனிக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு நீண்ட கை வந்தது. கோலுக்குள் இருந்த ரோல்ஸை எடுத்தது. திரும்பினேன். கோல்காப்பாளர் நின்றபடி, என்னைப் பார்த்துக்கொண்டே அவசரமில்லாமல் அதைச் சாப்பிட்டு முடித்தார். "காரம்," என்றார். போய்விட்டார்.

பெட்டியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். (அது வசந்தியின் நல்ல பெட்டி. அதற்குத் தனி வழக்கு நடந்தது.)

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு கிழமை கழித்து ராஸ்முஸ் வேலிக்கு மேலால் கூப்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. அந்த வடக்குக் கழகம் செய்தியைப் பார்த்துவிட்டு, 'இவர் உண்மையிலேயே வருவாரா?' என்று விசாரித்திருக்கிறது. நல்ல ஒப்பந்தம். சோஃபியின் பெற்றோரும் ஓல்போர்க்கில்தான் இருக்கிறார்கள். "உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். குசினி யன்னலில் வசந்தி நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும், குலுக்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்கள் எழுதாட்டி அவை இவரை நினைச்சே இருக்கமாட்டினம்," என்றாள்.

"நான் கேட்ட ரெண்டு பொடியளையும் அவை தரேல்லைத்தானே! அப்ப இது என்ர திட்டமே இல்லை. நான் விக்கேல்லை."

"வித்ததும் வித்தியள், சும்மாவே குடுத்தியள்?"

நான் வாசலில் பனி தள்ளப் போனேன்.

அவர்கள் போன நாள் சோஃபியும் வசந்தியும் லொறிக்குப் பக்கத்தில் கட்டிப்பிடித்து அழுதார்கள். ராஸ்முஸும் நானும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் லொறியின் டயரைப் பார்த்தோம். அடுத்த சனிக்கிழமை வசந்தி தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், சொன்ன நேரத்துக்கு முதலே திரும்பி வந்தாள். சைக்கிளை நான் வாங்கி உள்ளே விட்டேன்.

இப்போது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வசந்தி ரயிலில் ஓல்போர்க் போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வருகிறாள். அந்த இரண்டு நாளும் நான் முட்டை பொரித்துச் சாப்பிடுகிறேன். கழகத்துக்கு வந்த புது லெஃப்ட் பேக்கின் பக்கத்தால் எல்லா அணியும் கோல் அடிக்கிறது. அதற்கும் ரசிகர் பக்கத்தில் எனக்குத்தான் ஏச்சு.

கதை டென்மார்க் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது வேறு யாருமல்ல, என் வீட்டுக்காரிதான். போன மாதம் டோஸ்ட்ருப் என்ற ஊரில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். பந்தியில் என் பக்கத்தில் இருந்தவருக்கு வசந்தி என்னை, "இவர்தான் பக்கத்து வீட்டுக்காரனை வித்தவர்," என்று அறிமுகப்படுத்தினாள். மேசையே சிரித்தது. அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும் இடம்வரை என் பின்னால் வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"அண்ணை, எங்கட மேல்வீட்டில ஒரு குடும்பம் இருக்குது. விடிய எழும்பினா ஒரே குத்தும் இடியுமான சத்தம். அவையையும் ஒருக்கா எழுதிவிடுறியளே?"