நீங்க யாரோட ஃபேன்?

மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவருக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது. ரெகுலேட்டர் ஓர் அடி பின்வாங்கினார். கொம்புக்காரருக்குப் பின்னால் தகர உடம்போடு இரண்டு பேர், முதுகில் சிறகோடு ஒரு பெண், அட்டைக் கத்தி ஏந்திய ஒரு முழுக் குடும்பம். எதிரே கொட்டை எழுத்தில், 'மாபெரும் ஃபேன் மாநாடு' என்று தொங்கியது.

ரெகுலேட்டர் வேலை பார்ப்பது மின்விசிறி கம்பெனியில். எவ்வளவு திருகினாலும் ஒன்றாம் நம்பர் வேகத்தைத் தாண்டமாட்டார் என்று ஆபீஸில் வைத்த பெயர் அது.

"ஃபேனுக்குன்னே ஒரு மாநாடு நடக்குது, நம்ம ஸ்டால் இல்லாம இருக்கலாமா? நீங்களே கையெழுத்துப் போட்டு, நீங்களே நின்னு நடத்துங்க" என்று போன மாதம் ஜி.எம். விண்ணப்பத்தை நீட்டினார். பெரிய மனிதர் தன்னை நம்பிவிட்டார் என்று ரெகுலேட்டர் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். கார்ட்டூனுக்கும் விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் உயிரை விடுகிறவர்கள் கூடும் ஃபேன் மாநாடு அது என்று படித்துப் பார்க்கவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆளாக இருந்திருந்தால் எப்போதோ முன்னுக்கு வந்திருப்பார்.

அடுத்த மாதத்தோடு அவருக்கு இருபத்தைந்து வருஷ சர்வீஸ் முடிகிறது. அப்படி முடித்த ஊழியரை ஓய்வு வயது வரை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பது கம்பெனி விதி. அந்த ஆபீஸில் அதுவரை ஒருவரும் இருபத்தைந்தை எட்டியதில்லை. தாம்தான் முதல் ஆள் என்று வீட்டில் பெருமை அடித்து வைத்திருந்தார்.

மண்டபத்து எலக்ட்ரீஷியன் வந்து கம்பெனி பேனரைப் பார்த்தார். பிறகு ரெகுலேட்டரின் முகத்தைப் பார்த்தார். கேட்காமலேயே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். இந்த ஊரில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்று ரெகுலேட்டர் நெகிழ்ந்தார்.

சிறகுக்காரப் பெண் வந்தாள்.

"அங்கிள், நீங்க யாரோட ஃபேன்?"

"எங்க கம்பெனி ஃபேன்மா. மூணு இறக்கை."

"மூணா? எனக்கு ரெண்டுதான் இருக்கு. எந்த சீரிஸ்ல வருது?"

"சீலிங் சீரிஸ். ரெண்டு வருஷ கியாரண்டி."

"புதுசா இருக்கே!" என்று அவரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனைவி போன் செய்தாள். "என்னங்க, கூட்டம் வருதா?"

"வருது. கொம்போட வருது."

"காலங்காத்தால என்ன பேச்சு இது? ஜி.எம். மனசு கோணாம நடந்துக்குங்க. இன்னும் ஒரே மாசம்."

அதை அவளா ஞாபகப்படுத்த வேண்டும்? பத்து ஆர்டராவது பிடித்துவிட்டால் ஜி.எம். மற்றதைக் கண்டுகொள்ளமாட்டார் என்று ரெகுலேட்டர் கணக்குப் போட்டார். காற்று வந்தால் ஆள் வரும். ஸ்டாலில் நிறுத்தியிருந்த பன்னிரண்டு ஸ்டாண்ட் ஃபேன்களையும் வாழ்க்கையில் முதல்முறையாக ஐந்தாம் நம்பரில் வைத்தார்.

கொம்புக்காரரின் தலைமுடி கொம்போடு பறந்துபோய் மூன்றாவது ஸ்டாலில் விழுந்தது. பக்கத்து ஸ்டாலில் விற்பனைக்கு வைத்திருந்த படங்கள் கொத்தாகக் கிளம்பின.

"யோவ், கண்ணு தெரியலையா? திருப்புய்யா அந்தப் பக்கம்!" என்று படக்கடைக்காரர் பாய்ந்தார்.

அந்தப் பக்கம் திருப்பினார். அங்கே ஆறு பேர் ஒரு வாரம் உட்கார்ந்து கட்டிய அட்டைக் கோட்டை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆறு பேரும் அவரைச் சூழ்ந்துகொள்ள, அவசரமாக எல்லாவற்றையும் அணைத்தார். அணைத்ததும் சிறகுக்காரப் பெண் ஓடிவந்தாள்.

"ஏன் அங்கிள் நிறுத்திட்டீங்க? இந்த ரப்பர் டிரஸ்ஸுக்குள்ள வெந்து போறோம். எங்க பக்கம் வைங்க!"

அவள் பின்னால் ரப்பரிலும் தகரத்திலும் வியர்த்து வழிந்தபடி ஐம்பது பேர். ரெகுலேட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் ஒருவர்கூட அவரிடம் காற்றுக் கேட்டு இப்படி நின்றதில்லை. எல்லா ஃபேன்களையும் அந்த மூலைக்கு இழுத்து, எல்லா ஒயரையும் ஒரே பிளக்கில் சேர்த்துச் செருகினார்.

டப்பென்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. விளக்கு நின்றது. மண்டபத்து ஏ.சி.யும் நின்றது. வாசல் வழியாக வந்த வெளிச்சத்தில், கொதிக்கிற ஐந்நூறு பேர் அவரையும் சுற்றாத பன்னிரண்டு ஃபேன்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"உங்க ஆபீஸ் நம்பர் குடுங்க சார். நானே பேசிக்கறேன்" என்றார் மாநாட்டு நிர்வாகி.

அவர் பேசுவதற்குள் தாமே பேசிவிடுவது மேல் என்று ரெகுலேட்டர் ஜி.எம்.முக்குப் போன் அடித்தார். ஒன்று விடாமல் சொன்னார். ஆனால் ஜி.எம். கத்தவில்லை.

"மனுஷன்னா தப்பு நடக்கும். ஒண்ணு பண்ணுங்க. தப்பு பூரா உங்களோடதுன்னு ஒரு லெட்டர் எழுதி உடனே படம் எடுத்து அனுப்புங்க. மேலிடத்துல நான் பேசிக்கறேன்" என்று, வாசகத்தையும் அவரே மனப்பாடமாகச் சொன்னார். 'எனது கவனக்குறைவால் கம்பெனியின் நற்பெயருக்கு...' என்று தொடங்கி, ஓர் இடத்தில்கூடத் தட்டாமல் தேதி வரை வந்து முடித்தார்.

இப்படியும் ஒரு மேலதிகாரியா! அந்த நிமிஷத்தில் ரெகுலேட்டர் யாருடைய ஃபேன் என்று சிறகுக்காரப் பெண் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, எழுத்து கோணாமல் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். மனசு லேசானது.

ஃபியூஸ் போட வந்த எலக்ட்ரீஷியன், தாளை எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அனுப்பிட்டீங்களா சார்? வருஷா வருஷம் உங்க கம்பெனிலேர்ந்து வர்றவங்க இந்த லெட்டரை நின்னுக்கிட்டே எழுதறதைப் பார்க்கப் பாவமா இருக்கும். அதான் இந்தத் தடவை காலையிலேயே நாற்காலியைப் போட்டு வெச்சேன்."