சோளக்காட்டு பஸ் ஸ்டாப்பில் பித்தாகரஸ்

அறிவு கொஞ்சமாக இருக்கும்போதுதான் முகத்தில் அதிகமாகத் தெரியும். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டில் எனக்கு அது வழிந்தே ஓடியது.

அமெரிக்காவில் இரண்டு பள்ளி மாணவிகள், பித்தாகரஸ் தேற்றத்துக்கு முக்கோணவியல் வழியாகப் புது நிரூபணம் கண்டுபிடித்த செய்தியைப் போனில் படித்தேன். முடியவே முடியாது என்று பெரிய ஆட்கள் சொல்லிவந்த விஷயமாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஸ்கூல் பிள்ளைகளே செய்யும்போது காலேஜ்காரன் நான் சும்மா இருப்பதா? (அரியர் இருந்தது. அதை இங்கே இழுக்காதீர்கள்.)

சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றே வரி. சைன் ஸ்கொயரையும் காஸ் ஸ்கொயரையும் கூட்டினால் ஒன்று. சைன், காஸ் இருக்கும் இடத்தில் முக்கோணத்தின் பக்கங்களைப் போட்டால், பித்தாகரஸ் தேற்றம் தானாக வந்து நிற்கிறது. இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் உலகம் கவனிக்கவில்லை என்று முடிவுசெய்தேன்.

வகுப்புத் தோழன் ரஃபீக் பார்த்துவிட்டு, "டேய், எவனாச்சும் சுட்டுட்டான்னா?" என்றான்.

நியாயமான பயம். அடுத்த வாரம் எங்கள் மலைமேல் செம்மேட்டில் கணித முகாம். சேலத்திலிருந்து வரும் பேராசிரியர் ஒரு மாணவ ஜோடியைத் தேர்ந்தெடுத்துச் சென்னைக் கருத்தரங்குக்கு அனுப்புவார். எங்கள் வகுப்பிலிருந்து யாரும் அதுவரை போனதில்லை. இந்த முறை நானும் ரஃபீக்கும் என்று முடிவாகிவிட்டது. ரஃபீக்கின் அத்தாவுக்கு அடிவாரத்தில் பிளெக்ஸ் கடை. நிரூபணத்தை முழுசாக பிளெக்ஸில் அடித்து சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டால் மலையே சாட்சி, யாரும் திருட முடியாது என்றான். காதுகுத்துக்கே கட்டுகிற ஊர், இதற்குக் கட்டக் கூடாதா?

மேலே 'கணிதப் புயல்களே வருக!', நடுவில் மூன்று வரி, இரண்டு பக்கமும் கூலிங் கிளாஸோடு நாங்கள்.

"ஏனுங்க தம்பி, கணக்கு சரிதானுங்களா? அடிச்சுப்போட்டா திருத்த முடியாதுங்க" என்றார் அத்தா.

"உலகத்துக்கே சரிங்க மாமா."

முகாமன்று மண்டபம் நிறைந்துவிட்டது. மிளகு பறிப்பை நிறுத்திவிட்டு, வளப்பூர் நாட்டிலிருந்து சொந்தபந்தங்களைப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருந்தார் அப்பா. பேராசிரியரும் பஸ்ஸில்தான் வந்தார். சோளக்காட்டில் டீக்கு நின்ற நேரம் முழுக்க எங்களைத்தான் படித்திருக்கிறார்.

நான் போர்டில் எழுதப் போனேன். "வேண்டாம் தம்பி, படிச்சிட்டேன். ஒரே கேள்வி. ரெண்டையும் ஸ்கொயர் பண்ணிக் கூட்டினா ஒண்ணு வரும்னு எப்படித் தெரியும்?"

இதுகூடத் தெரியாத மனுஷனையா அனுப்பியிருக்கிறார்கள்? பரிதாபமாக இருந்தது. மைக்கை வாங்கித் தெளிவாகச் சொன்னேன்: "பித்தாகரஸ் தேற்றத்துல இருந்து வருதுங்க சார்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. ரஃபீக் மெல்ல என்னைவிட்டு நகர்ந்து நின்றான்.

"பஸ்ஸு அத்தனை வளைவு வளைஞ்சாலும் மேல வந்து சேந்துருச்சு. நீங்க வளைஞ்சு வளைஞ்சு, ஏறின ஸ்டாப்லயே இறங்கியிருக்கீங்க" என்றார் பேராசிரியர்.

சென்னைக்கு முதலாம் ஆண்டுப் பெண்கள் இருவர் போனார்கள். அவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த அமெரிக்க மாணவிகள் செய்ததைப் புரிந்துகொண்டு வந்து விளக்கினார்கள், அவ்வளவுதான். (அதையே நானும் செய்திருக்கலாம். ஆனால் அதற்குப் படிக்க வேண்டும்.)

திரும்பும் பஸ்ஸில் அப்பா கேட்டார். "என்னதான் தப்பு, சாமி?"

"எதை நிரூபிக்கோணுமோ, அதையவே வச்சு நிரூபிச்சுட்டேங்கப்பா."

பஸ் நிறைய உட்கார்ந்திருந்த சொந்தபந்தங்களைத் திரும்பிப் பார்த்தார். "அத்தன பேரக் கூட்டியாந்தனே" என்றார்.

போன மாதம் அக்காவுக்கு வரன் கொண்டுவந்தார் புரோக்கர். "பையன் தங்கமுங்க. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது."

"யாருங்க சொன்னது?"

"பையனே சொன்னாருங்க."

அப்பா உள்ளே இருந்த என் பக்கம் திரும்பி, "சாமி, உன்ற ஆளு வந்திருக்காரு, வந்து கவனி" என்றார். அக்கா சிரித்த சத்தத்தில் அந்த வரனே போய்விட்டது.

அதிலிருந்து, தனக்குத்தானே சாட்சி சொல்கிற எல்லோரும் எங்கள் வீட்டில் என் ஆட்கள்தான். தேர்தல் வந்துவிட்டால் டிவி முழுக்க எனக்குச் சொந்தக்காரர்கள்.