மேகம் போட்ட வாத்தியார்

"இந்த ஊரே நம்ம பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசற மாதிரி பண்ணிக் காட்டறேன்" என்று தலைமையாசிரியையிடம் சவால் விட்டுவிட்டேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் போய்க்கொண்டிருந்தது. மேகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும்.

பள்ளிக்கூடத்து ஃபேஸ்புக் பக்கம் என் பொறுப்பு. அங்கே நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். புது வருஷச் சேர்க்கைக்குள் ஜனங்கள் எட்டிப் பார்க்காவிட்டால் தலைமையாசிரியை அதை பி.டி. மாஸ்டரிடம் கொடுத்துவிடுவாராம். தண்டால் எடுக்கிறவர் கையில் என் பக்கமா? உயிரே போனாலும் விடக்கூடாது.

நான் பூகோள வாத்தியார். அதனால் மேகங்களாகப் போட்டேன். பஞ்சு மேகம், மழை மேகம், மூன்றாம் வகுப்பு ஜன்னலில் தூங்கி வழிந்த மேகம். எல்லாவற்றுக்கும் லைக் போட்டது நான் ஒருத்தன்தான்.

"ஏம்மா, நீயாவது ஒரு லைக் போடக் கூடாதா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"கை ஈரமா இருக்குங்க."

"தொடச்சுக்கோயேன்."

"துண்டும் ஈரமா இருக்கு. காயப்போட ஆளில்ல."

ரசனை கெட்டவள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஒரு கமெண்ட் வந்தது. 'ஜன்னலோரம்' என்ற பெயரில் ஒரு பெற்றோர். "உங்கள் மேகம் மனசை லேசாக்கிவிட்டது, சார். இவ்வளவு மென்மையான ஆசிரியர் வீட்டில் எப்படி இருப்பார்? பிள்ளைகள் பார்த்தால் கற்றுக்கொள்வார்களே."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. 'ஆசிரியர் வீட்டில்' என்று ஒரு தொடரே ஆரம்பித்துவிட்டேன்.

படுக்கை விரிப்பை உலர்த்தினேன். அது காற்றில் உப்பி, கொடியில் கட்டிப்போட்ட மேகம் மாதிரி நின்றது. லைக் குவிந்தது. பாத்திரம் துலக்கினேன். ஒவ்வொரு நுரைக் குமிழியிலும் எங்கள் சமையலறை ஜன்னல் குட்டியாக மிதந்தது. பிள்ளைகளின் சித்தி, பெரியப்பா எல்லாரும் பார்க்க வந்துவிட்டார்கள். படம் எடுத்தது என் மனைவி. சோபாவில் சாய்ந்தபடி.

"யாருங்க அந்த ஜன்னலோரம்?"

"ரசனையுள்ள ஒரு பெற்றோர்."

"நம்ம வீட்டுல இல்லாத ரசனையா?"

"அதெல்லாம் பிறவியிலேயே வரணும்மா."

"சரிதாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மூலையில ஒட்டடை விட்டுப்போச்சு."

ஒட்டடை அடித்தேன். வெயில் கீற்றில் தூசி பொன்னாக மிதந்தது. கனவில் நடக்கிற மாதிரியே இருந்தது.

அப்போதுதான் ஜன்னலோரத்தின் அடுத்த கமெண்ட் வந்தது. "நேற்றுத் துலக்கிய வாணலியின் அடியில் கரி போகவில்லையே, சார்."

படத்தில் வாணலியின் அடி தெரியவே இல்லை. எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். கரி இருந்தது. மெதுவாகத் திரும்பி சோபாவைப் பார்த்தேன்.

"நீயா?"

"நானும் பெற்றோர்தானேங்க. நம்ம பொண்ணு உங்க பள்ளிக்கூடத்துலதானே படிக்கிறா?"

வாணலியை மறுபடி தேய்த்தேன். ஆனாலும் பக்கம் என்னோடதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மறுநாள் தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

"சேர்க்கை நிரம்பிடுச்சு சார். பி.டி. மாஸ்டருக்குப் பக்கம் கிடையாது" என்றார்.

"அப்போ எனக்குத்தானே மேடம்?"

"ஜன்னலோரத்துக்குக் குடுத்துட்டேன். யோசனையெல்லாம் அவங்களோடதாமே. கவலைப்படாதீங்க, படத்துல நீங்கதான் இருப்பீங்க. பாத்ரூம் எப்போன்னு எல்லாரும் கேக்கறாங்க."

ஜன்னலுக்கு வெளியே அருமையான ஒரு மேகம் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. போகிற வழியில் ஒரு பிரஷ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.