பால் கொடுத்த காளை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது மரியாதையாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தால், தெரிந்த ரகசியத்தையெல்லாம் கொட்டிவிடுவேன். அப்படி ஒரு டீயால் என் முனைவர் பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது.

அப்போது மாடுகளுக்கு உண்ணிக் காய்ச்சல் தடுப்பூசி உருவாக்கும் ஆராய்ச்சியில் இருந்தேன். (உண்ணி கடிக்கும்போது ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி ரத்தத்தில் இறங்கும், கொழுகொழுவென்றிருந்த மாடு சில நாளில் சாய்ந்துவிடும்.) கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஊர். பாதி மாடுகளுக்குத் தடுப்பூசி, மீதிக்கு வெறும் உப்புநீர் ஊசி. ஒப்பிட்டால்தானே மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும்? ஊராரும் சம்மதித்திருந்தார்கள். எந்த மாட்டுக்கு எது என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்பது என் பேராசிரியை மேடத்தின் உத்தரவு. மாடுகளின் கழுத்தில் எண் போட்ட வில்லைகளைக் கட்டினேன். சில மஞ்சள், சில நீலம்.

ஊர் டீக்கடையில் டீ வாங்கிக் கொடுத்த ஒருவர் கேட்டார்: "இன்னா சார், மஞ்சாவும் நீலமும் எதுக்குங்க?"

சும்மா அடையாளத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். நான் விஞ்ஞானியாயிற்றே! (இன்னும் ஆகவில்லை.) "மஞ்சளுக்கு மருந்து, நீலத்துக்கு உப்புத்தண்ணி" என்று போண்டாவை மென்றபடி விளக்கினேன்.

ஒரு மாதம் கழித்து இரண்டாம் ஊசி. மேடமே நேரில் வந்தார். நான் பதிவேட்டைக் கம்பீரமாக வாசித்தேன்: "மஞ்சள் பதினேழு. காளை. வயது நாலு."

மேடம் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் காளை கன்னுக்குப் பால் குடுத்துட்டு இருக்கே?"

நிமிர்ந்தேன். மஞ்சள் பதினேழு கண்ணை மூடி நிற்க, மடியை முட்டி முட்டி ஒரு கன்று குடித்துக்கொண்டிருந்தது.

"எழுத்துப் பிழை மேடம்" என்றேன். (கால்நடை மருத்துவத்தில் இதைவிடப் பெரிய எழுத்துப் பிழை கிடையாது.)

மாட்டுக்காரி அஞ்சலை முன்னால் வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர்.

"சார் மேல தப்பு இல்லீங்க. நீலத்துக்கு வெறும் தண்ணின்னு சார்தான் டீக்கடையில சொன்னாரு. எம் மாட்டுக்கு நீலம், பக்கத்து வூட்டு காளைக்கு மஞ்சா. இந்த ஊசியாச்சும் மருந்தா இருக்கட்டும்னு, ரெண்டு நாளு அவுங்க நெலத்துல களையெடுத்துக் குடுத்து வில்லைய மாத்திக்கினேன்."

'தப்பு இல்லீங்க' என்று தொடங்கி ஒருவனை இவ்வளவு முழுசாகக் காட்டிக்கொடுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

மற்ற மாடுகளைப் பார்த்தோம். கிடேரி இருக்க வேண்டிய இடத்தில் எருது. கறுப்பு என்று எழுதியிருந்தது செவலையாக நின்றது. ஊரே மாற்றிக் கட்டியிருந்தது!

"எங்க ஆராய்ச்சியே போச்சேம்மா..." என்றார் மேடம்.

"எனக்கு இருக்கறது இந்த ஒரே மாடுங்க. இது சாஞ்சிட்டா உங்க நோட்டு பால் கறக்குமா?"

மேடம் என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி மூடிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சோதனையை வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்கினோம். மருந்து தேறியதும், முதலில் அஞ்சலையின் ஊருக்குத்தான் என்று மேடம் பிடிவாதமாக நின்றார். அந்தப் பசுவுக்கு என் கையாலேயே ஊசி போட்டேன். அஞ்சலை மருந்துக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் மாட்டைப் பிடித்தார்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னது அடுத்த தவறு. இப்போது நான் எதையாவது அடித்துப் பேசினால், என் ஒன்பது வயது மகள் தலையைத் தூக்காமலே கேட்கிறாள்:

"நல்லா குனிஞ்சு பாத்தியாப்பா?"